பூப்பதற்கு முந்திய மூன்று கிழமை

கமலாம்பிகை அக்காவை நான் முதலில் கண்டது அவருடைய கணவர் இறந்த மறுநாள். 1991 ஏப்ரல் முப்பது, செவ்வாய்க்கிழமை. அந்த நாட்களில் குரோய்டன் பக்கம் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக ஓடித்திரிந்தேன். பெரும்பாலும் அகதி விண்ணப்பக்காரர்களுக்காக. இடைக்கிடை பொலிஸ் கூப்பிடும், ஆஸ்பத்திரி கூப்பிடும். அன்று கூப்பிட்டது மரண விசாரணை அலுவலகம். தோர்ண்டன் ஹீத்தில் ஒரு தமிழர் திடீரென்று இறந்துவிட்டார், மனைவிக்கு ஆங்கிலம் போதாது, வாக்குமூலம் எடுக்க வேண்டும் என்றார்கள்.

ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகள். அக்காவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. சாண்ட்விச் தொழிற்சாலையில் வேலை. அழாமல் இருந்தார். விசாரணைக்கு வந்த அலுவலர் மரியாதையான மனிதர், சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். மேசையில் இரண்டு பொருட்களை எடுத்து வைத்தார். ஒன்று, இறந்துபோன சபாரத்தினம் அண்ணையின் இருதயக் குளிசைப் போத்தல். மற்றது, அவருடைய அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டது என்று முந்திய கிழமை வந்திருந்த கடிதம்.

இறந்தவரின் இரத்தத்தில் அந்தக் குளிசை மருந்து அளவுக்கு மீறி இருந்ததாம். கடிதம் வந்த பிறகு அவர் எப்படி இருந்தார், சாவதைப் பற்றி ஏதும் கதைத்தாரா, வேறு போத்தல் எங்கேயாவது ஒளித்து வைத்திருந்தாரா என்று அலுவலர் கேட்டார்.

"அவர் கவலைப்பட்டவர்தான். ஆனால் அப்பிடிச் செய்யிற ஆள் இல்லை," என்றார் அக்கா. "குளிசை நான்தான் ஒவ்வொரு நாளும் விடிய எடுத்துக் குடுக்கிறனான். எண்ணிப் பாருங்கோ, சரியாய் இருக்கும்."

எண்ணினார்கள். சரியாக இருந்தது. ஆனால் பழைய போத்தல் ஒன்று முன்னர் இருந்திருக்கலாம் என்று அலுவலர் எழுதிக்கொண்டார்.

பிறகு சனிக்கிழமை என்ன நடந்தது என்று கேட்டார். அக்கா நீளமாகச் சொன்னார். "மத்தியானம் சோறும் பருப்பும் இலை வறையும் சாப்பிட்டவர். காட்டிலை ஆய்ஞ்ச உள்ளி இலை, தம்பி. பிறகு மூண்டு மணிபோலை சத்தியெடுக்கத் துவங்கினார். எனக்கும் ஒருக்கால் பிரட்டிக்கொண்டு வந்து நிண்டிட்டுது..."

நான் ஆங்கிலத்தில் சொன்னது இவ்வளவுதான்: சோறு, பருப்பு, ஸ்பினிச் சாப்பிட்டார், மூன்று மணிக்கு வாந்தி. இலை வறைக்கு வேறு என்ன சொல் இருக்கிறது என்று நினைத்தேன். அக்காவுக்கும் பிரட்டியது என்பதைச் சொல்லவில்லை. கவலையில் இருக்கும் பெண்ணுக்கு வயிறு பிரட்டுவது ஒரு விஷயமா என்ன? வாக்குமூலத்தில் 'ஸ்பினிச்' என்று எழுதப்பட்டது. நான் வாசித்துக் காட்டினேன், அக்கா கையெழுத்து வைத்தார்.

அவர்கள் இருவரும் 1985இல் வந்தவர்கள். பிள்ளைகள் இல்லை. சபாரத்தினம் அண்ணை ஊரில் பஸ் டிப்போவில் நேரக்கணக்குப் பார்த்தவர். இங்கே ஒரு கார் தரிப்பிடத்தில் டிக்கற் கொடுத்தார். இரண்டாம் வருடமே இருதயம் பழுதாகி வேலையை விட்டார். நடக்க வேண்டும், ஆனால் ஏற்றம் ஏறக்கூடாது என்று டொக்டர் சொன்னார். தோர்ண்டன் ஹீத் தெருக்களில் நடக்க அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ்ஸில் ஏறி, அது எங்கே போய் முடிகிறது என்று பார்ப்போம் என்று கடைசித் தரிப்பிடம் வரை போனார்கள். அங்கே தெரு முடிந்து ஒரு சின்னக் காடு தொடங்கியது. ஓக் மரங்கள், நடுவில் ஈரமான ஒரு பள்ளம்.

உள்ளே கொஞ்சத்தூரம் போனதும் அண்ணை நின்று மூக்கை உயர்த்தினாராம். "கமலம், இங்கை ஆரோ உள்ளி வதக்கினம்."

ஒருவரும் வதக்கவில்லை. பள்ளம் முழுக்கப் பச்சை இலை, ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலம். ஒன்றை நசுக்கினால் வெள்ளைப்பூண்டுபோல உள்ளி மணம் மூக்கில் அடித்தது. நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி, அது காட்டு உள்ளி, சாப்பிடலாம், தானும் சூப்பில் போடுவதுண்டு என்று சைகையும் சொல்லுமாக விளங்கப்படுத்தினாள். அன்று ஒரு பை நிறைய ஆய்ந்து வந்து, சின்னதாக அரிந்து, துருவிய தேங்காய்ப்பூப் போட்டு வறுத்தார் அக்கா. அண்ணை இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு வருடாவருடம் மார்ச் மாதத்தில் போய்விடுவார்கள். மரங்கள் இலை விடுவதற்கு முன்பு, தரையில் வெயில் விழும் அந்தக் கொஞ்ச நாட்களுக்குள் இந்தச் செடிகள் அவசரம் அவசரமாகத் தளிர்த்து, பூத்து, காய்த்து, மண்ணுக்குள் போய்விடும். ஜூன் முடிய அங்கே உள்ளி இருந்த தடமே இராது. இதெல்லாம் அக்காவுக்குப் பார்த்துப் பார்த்தே தெரிந்திருந்தது. மார்ச் இலைதான் தளிர், பூ வந்தால் இலை முற்றிவிடும் என்றும் தெரிந்திருந்தது. நாலு வருடம் ஒரு பிழையும் வரவில்லை.

1991இல் மார்ச் மாதம் போக முடியவில்லை. ஈஸ்டருக்கு முன் தொழிற்சாலையில் சனி ஞாயிறும் ஷிப்ட். பிறகு அக்காவுக்குக் காய்ச்சல். பிறகு அந்தக் கடிதம். அண்ணை சாப்பாட்டைத் தொடாமல் ஜன்னலோடு இருந்தார். எதையாவது ஆசையாகச் சாப்பிட வைக்க வேண்டும் என்றுதான் ஏப்ரல் இருபத்தேழாம் தேதி காலையில் அக்கா தனியே பஸ் ஏறினார்.

பிந்திவிட்டது. உள்ளியில் மொட்டு வந்து, சிலது வெள்ளை வெள்ளையாகப் பூக்கவும் தொடங்கிவிட்டது. இலைகள் தடித்து, சிலதின் நுனி மஞ்சளாகியிருந்தது. அக்கா பள்ளத்தின் கரை வழியே நடந்தார். பின்பக்கத்து வீடுகளின் வேலி ஓரமாக, உள்ளிச் செடிகளுக்கு இடையிலேயே, இன்னும் பூக்காத தளிர்கள் சில இருந்தன. அதே நீளம், அதே அகலம், அதே பச்சை. இன்னும் முழுதாக விரியாமல் சுருண்டு நின்றன.

"அவருக்குப் பல்லு சரியில்லை, தம்பி," என்று பிறகு எனக்குச் சொன்னார். "அதாலைதான் தளிரெல்லாம் தேடி அவருக்கெண்டு ஆய்ஞ்சனான். முத்தினதை எனக்கெண்டு வேறையாய் வச்சனான்."

மணந்து பார்த்தார். உள்ளி மணம்தான் அடித்தது. ஒரு மணித்தியாலமாக உள்ளி ஆய்ந்த விரல்களுக்கு வேறு என்ன மணம் தெரியும்?

மத்தியானம் தளிரைத் தனியாக, முற்றியதைத் தனியாக வறுத்தார். அண்ணைக்குத் தளிர் வறை. "இந்தமுறை கொஞ்சம் கைக்குது," என்றாராம் அவர். பிந்தி ஆய்ந்தபடியால் இருக்கும் என்றார் அக்கா. தானும் அதில் ஒரு கரண்டி எடுத்துப் பார்த்தார். மூன்று மணிக்கு அண்ணைக்கு வாந்தி தொடங்கியது. டொக்டருக்குப் போன் செய்ய, இப்போது ஒரு வயிற்றுக் காய்ச்சல் பரவுகிறது, தண்ணீர் கொடுங்கள் என்றார்கள். ஞாயிறு காலையில் அண்ணை பல்பைக் காட்டி, "அதைச் சுத்தி மஞ்சளாய் ஒரு வட்டம் தெரியுது, கமலம்," என்றார். நாடி மிகவும் மெதுவாக ஓடியது. அம்புலன்ஸ் வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முடிந்துவிட்டது.

அண்ணையின் தங்கை வசந்தமலர் வெஸ்ட் ஈலிங்கில் இருந்தார். செத்த வீட்டுக் காரியங்களை அவர்தான் முன்னின்று செய்தார். இரத்தத்தில் மருந்து கூட என்ற கதை அவருக்கும் போய்ச் சேர்ந்தது. அழுதழுது கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். கடிதம் வந்த வெட்கத்தில் அண்ணை தானாகவே போய்விட்டார் என்று கோயிலிலும் கடைகளிலும் கேட்டவர்களுக்குச் சொன்னார். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அக்காவுக்கு முன்னால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் வந்தவர்களின் கண் குளிசைப் போத்தல் இருந்த தட்டைத் தேடியதை அவர் கண்டார்.

இரண்டு கிழமைக்கு மேல் அயலவர் கொண்டுவந்து தந்ததைத்தான் சாப்பிட்டார். மே மாதம் பதினாறாம் தேதி பிரிட்ஜைத் துப்புரவாக்க முதல் தடவையாக அடித்தட்டை இழுத்தார். சமைத்தது போக மிஞ்சிய இலைகள் ஒரு பிளாஸ்டிக் பையில் கிடந்தன. அழுகிய உள்ளி வீச்சம். எறிவதற்குத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

பைக்குள் பெரும்பாலான இலை கரைந்து கறுத்துக் கூழாகியிருந்தது. ஆனால் ஏழெட்டு இலை மட்டும் கொஞ்சம் வாடியதோடு சரி, அழுகாமல், பளபளவென்று முழுதாகக் கிடந்தன. ஒரே நாளில் ஒரே இடத்தில் ஆய்ந்த ஒரே இலை ஏன் இரண்டு விதமாக அழுகுகிறது? அதில் ஒன்றை எடுத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். கையையும் கழுவினார். ஜன்னலடியில் போய் நின்று இலையைக் கிழித்து மணந்தார். ஒரு மணமும் இல்லை. வெறும் புல்லின் மணம்.

அன்று முழுக்க நிலத்தில் இருந்ததாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குப் போனார். பள்ளத்தில் உள்ளி முழுதாகப் பூத்திருந்தது, ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் வெள்ளை நட்சத்திரங்கள் ஒரு கொத்து. வேலியோரம் வந்தார். அங்கே அவர் தளிர் ஆய்ந்த இடத்தில் பூத்திருந்தது நட்சத்திரம் இல்லை. வளைந்த தண்டில் ஒரு பக்கமாகத் தொங்கும் சின்னஞ்சிறு வெள்ளை மணிகள். குனிவதற்கு முன்பே வாசனை வந்தது. தொழிற்சாலையில் கை கழுவும் அறையில் வைத்திருக்கும் சவர்க்காரத்தின் அதே வாசனை.

இரண்டிலும் ஒவ்வொரு செடியை வேரோடு கிளப்பி ஈரக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வந்து, அன்று பின்னேரம் எனக்குப் போன் செய்தார்.

"தம்பி கஸ்பர், ஒரு இலையின்ரை பெயர் தெரியவேணும். ஆரிட்டைக் கேக்கிறது?"

மொழிபெயர்ப்பாளன் இப்படியான காரியங்களுக்குள் போகக்கூடாது என்பது விதி. ஆனால் 'காட்டிலை ஆய்ஞ்ச இலை' என்று அவர் திரும்பவும் சொன்னபோது நான் எழுதவைத்த 'ஸ்பினிச்' ஞாபகம் வந்தது.

நகரத்தின் பெரிய அருங்காட்சியகம் ஒன்றில், பொதுமக்கள் கொண்டுவரும் பூச்சி, இலை, எலும்பு எதுவானாலும் இன்னது என்று சொல்லித்தரும் ஒரு மேசை இருந்தது. மறுநாளே போனோம். தாவரப் பகுதியிலிருந்து மிஸ் பிரைஸ் என்ற பெண் இறங்கி வந்தார். இரண்டு செடியையும் வெள்ளைத் தாளில் பக்கம் பக்கமாகக் கிடத்தினார். அவருக்கு அந்தச் செடிகளில் பிரியம். முகம் மலர்ந்து சொல்லிக்கொண்டே போனார், நான் தமிழில் சொன்னேன்.

"இது காட்டு உள்ளி. இதிலே ஒவ்வொரு இலையும் தனிக் காம்போடு நேரே நிலத்திலிருந்து வரும். காம்பைப் பாருங்கள், ஒரு முறுக்கு முறுக்கித் திரும்பியிருக்கிறது. அதனால் இலையின் அடிப்பக்கம்தான் வானத்தைப் பார்க்கிறது. அடியில் பூண்டுபோல ஒரு வெள்ளைக் குமிழ். இது வேறு, லில்லி ஆஃப் த வாலி. இதிலே இரண்டு இலை ஒரே தண்டில், ஒன்றை மற்றது அணைத்தபடி வருகிறது. தளிரில் இரண்டும் சேர்ந்து சுருட்டிய சுருட்டுப் போல நிற்கும். கீழே குமிழ் இல்லை. மண்ணுக்குள் கிடையாக ஓடும் தண்டு."

அக்கா இரண்டு செடியின் அடியையும் மாறி மாறிப் பார்த்தார். "இலையை மட்டும் கிள்ளினால், தம்பி? அடியைப் பாராமல் கிள்ளினால்?"

நான் கேட்டேன்.

"அப்போது சிரமம்தான்," என்றார் மிஸ் பிரைஸ். "மணம் ஒன்றுதான் வழி. அதுவும் கையில் உள்ளி பட்டுவிட்டால் உதவாது. பூத்த பிறகு ஒரு குழந்தைகூட ஏமாறாது. பூப்பதற்கு முந்திய மூன்று கிழமைதான் ஆபத்து." காட்டின் பெயரைக் கேட்டுவிட்டு, அங்கே இது தானாக வந்திருக்காது என்றார். எண்பத்தேழாம் வருடப் புயலில் மரமும் வேலியும் விழுந்தபோது யாரோ ஒரு வீட்டுக்காரர் தோட்டத்து மண்ணை வேலிக்கு வெளியே கொட்டியிருப்பார். மண்ணோடு ஒரு விரல் நீளத் தண்டு வந்திருந்தாலே போதும்.

பிறகு அதன் நஞ்சைப் பற்றிச் சொன்னார். இருதயத்தைப் பிடிக்கிற நஞ்சு. இருதய நோயாளிக்குக் கொடுக்கும் சின்ன வெள்ளைக் குளிசை இருக்கிறதே, அதுவும் ஒரு செடியிலிருந்து வருவதுதான். இரண்டும் ஒரே சாதி. இரத்தத்தைச் சோதித்தால் ஒன்றை மற்றதென்று காட்டவும் கூடும். அவித்தாலும் வறுத்தாலும் அது போகாது.

இதைத் தமிழில் சொல்லி முடிக்க எனக்கு நேரமெடுத்தது. மிஸ் பிரைஸ் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த மலர்ச்சி போய்விட்டது.

"யாராவது இதைச் சாப்பிட்டார்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஓம்," என்றார் அக்கா.

வெளியே படிக்கட்டில் நின்றபோது நான் நினைத்ததைச் சொன்னேன். "அக்கா, இதை நீங்கள் போய்ச் சொன்னால் பிழை உங்கடை தலையிலை விழும். சொல்லாட்டில் ஒருத்தருக்கும் தெரியப் போறதில்லை."

"சொல்லாட்டில் அது அவரின்ரை தலையிலை கிடக்கும்," என்றார். "செத்த மனிசன் எப்பிடித் தம்பி அதை இறக்கி வைப்பார்?"

மிஸ் பிரைஸ் எழுதித் தந்த கடிதத்தையும் பிரிட்ஜில் மிஞ்சிய இலைகளையும் கொண்டுபோய், முன்பு வாக்குமூலம் எடுத்த அலுவலரிடம் கொடுத்தோம். நான் விட்டுவிட்ட வசனத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் பழைய வாக்குமூலத்தை எடுத்து, ஸ்பினிச் என்ற சொல்லின் மேல் ஒரு கோடு போட்டார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

செப்டெம்பரில் மரண விசாரணை. விசாரணை மன்றத்தில் மொழிபெயர்ப்பாளன் 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது. சாட்சி 'நான்' என்றால் நானும் 'நான்' என்றே சொல்ல வேண்டும்.

"அந்த இலைகளை யார் ஆய்ந்தது?"

"நான்."

"யார் சமைத்தது?"

"நான்."

"அவருக்கு யார் கொடுத்தது?"

"நான்தான் குடுத்தனான். தளிரெண்டு தெரிஞ்செடுத்துக் குடுத்தனான்."

இவ்வளவையும் நான் என் வாயால் ஆங்கிலத்தில் சொன்னேன். கொஞ்சம் உரக்கச் சொல்லும்படி சொன்னார்கள்.

சுகதேகி ஒருவர் அவ்வளவு இலைக்குப் பிழைத்திருக்கக்கூடும், ஏற்கனவே அதே விதமான மருந்து உடம்பில் இருந்தபடியால்தான் இவர் இறந்தார் என்று வைத்திய நிபுணர் சொன்னார். தற்செயலான விபத்தினால் வந்த மரணம், இதில் ஒருவர் மீதும் குற்றம் இல்லை என்று தீர்ப்பு. மரண விசாரணை அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, உங்கள் நேர்மைக்கு நன்றி என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார். நான் அதையும் மொழிபெயர்த்தேன்.

"ஒருத்தரிலையும் பிழை இல்லையாமோ?" என்று அக்கா என்னிடம் கேட்டார். "எண்டால் அவர் என்னெண்டு செத்தவர்?"

வசந்தமலர் பின்வரிசையில் இருந்தார். வெளியே வந்ததும் அக்காவின் முன்னால் வந்து நின்றார். தமையன் தற்கொலை செய்யவில்லை என்பது அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

"மச்சாள், அண்ணை தானாய்ப் போனவர் எண்டு நாலு மாதமாய் மனதைத் தேத்தி வச்சிருந்தனான். கோயில்லை அவருக்கெண்டு அருச்சினை எல்லாம் செய்தனான். இப்ப வந்து, நீங்கள் பூச்செடியைப் பிடுங்கிச் சமைச்சுக் குடுத்ததெண்டு சொல்லுறியள். இதை நான் எங்கை கொண்டுபோய் வைக்கிறது?"

வசந்தமலர் ஸ்டேசன் பக்கம் நடந்தார். இருவரும் அதற்குப் பிறகு சந்தித்ததாக நான் கேள்விப்படவில்லை.

அண்ணையின் விண்ணப்பம் அவரோடு முடிந்துபோனது. அக்கா தன் பெயரில் புதிதாக ஒன்று போட வேண்டியிருந்தது. அதற்காக என்னிடம் வருவார். வரும்போதெல்லாம் நகத்துக்குள் கறுப்பு மண் இருக்கும். தொண்ணூற்றிரண்டாம் வருடம் ஏப்ரலில்தான் கேட்டேன்.

"அதைக் கிண்டி எறியிறன், தம்பி. இன்னொருத்தி ஆய்ஞ்சுபோடக் கூடாது."

ஒரு சின்னத் தோட்டக் கரண்டியோடு ஞாயிற்றுக்கிழமைகளில் போய், தளிர் சுருண்டு நிற்கும் அந்த மூன்று கிழமைக்குள் வேலியோரம் முழுக்கக் கிண்டியிருக்கிறார். அடுத்த வருடம் அந்த இடத்தில் இன்னும் அதிகம் முளைத்தது. அதற்கடுத்த வருடம் பாயளவாக இருந்தது அறையளவாயிற்று. நான் மிஸ் பிரைஸுக்குப் போன் செய்து கேட்டேன். எதனால் கிண்டுகிறார் என்று முதலில் கேட்டார். பிறகு, மண்ணுக்குள் ஓடும் அந்தத் தண்டை வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாகும், கரண்டியால் கிண்டினால் பரவத்தான் செய்யும் என்றார்.

இதை அக்காவுக்கு எப்படிச் சொல்வது என்று ஒரு மாதம் யோசித்தேன். அதற்குள் வேறு விதமாக முடிந்தது. தொண்ணூற்றி நாலு மே மாதம் யாரோ கவுன்சிலுக்கு அறிவித்திருக்கிறார்கள், ஒரு ஆசியப் பெண் காட்டுப் பூக்களை வேரோடு திருடுகிறாள் என்று. காடு பார்க்கும் அலுவலர் வந்து கையும் மெய்யுமாகப் பிடித்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா விழுந்த மரமொன்றில் இருந்தார், மடியில் கரண்டி. பக்கத்தில் பூவும் மொட்டுமாகப் பிடுங்கிய குவியல். வாசனை தாங்க முடியவில்லை.

அந்த மனிதர் கெட்டவர் இல்லை. அண்ணையின் கதையைக் கேட்டுத் தொப்பியைக் கழற்றினார். ஆனால் சட்டம் சட்டம்தான் என்றார். அனுமதியில்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்கக்கூடாது. இதுவோ இந்த நாட்டுக்குச் சொந்தமான செடி, தோட்டத்திலிருந்து வந்திருந்தாலும் இப்போது காட்டுச் செடிதான்.

"அப்ப ஒரு பலகை எண்டாலும் போடச் சொல்லுங்கோ," என்றார் அக்கா. "ரெண்டு இலையும் ஒண்டுபோலை இருக்குமெண்டு."

அலுவலர் அதற்கு எழுதிப் போட்டார். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. பலகை வைத்தால் இங்கே சாப்பிடும் இலை இருக்கிறது என்று நாங்களே சொன்னதாகிவிடும், ஆகவே வைப்பதில்லை என்று முடிவாம். பதிலில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குக் கோபம் தந்தது.

வெட்டிய துண்டெல்லாம் செடியாகும் என்ற விஷயத்தையும் அவர் பிடிபட்ட அன்றே சொல்லிவிட்டேன். அக்கா கையை விரித்து நகங்களைப் பார்த்தார்.

"எண்டால் இந்தளவும் நான் நட்டதோ?"

அதற்குப் பிறகு கிண்டப் போகவில்லை. தொண்ணூற்றாறில் இங்கே தங்க அனுமதிக் கடிதம் வந்தது. வாசித்துக் காட்டினேன். "இப்ப வந்தென்ன," என்றார். கடிதத்தை மடித்து, ஏதோ கடைத் துண்டுப்பிரசுரம் போல மேசைக் கரையில் வைத்துவிட்டு என்னிடம் தேத்தண்ணி போடவா என்று கேட்டார். வீட்டில் இலை, கீரை எதுவும் சமைப்பதில்லை. பாணும் பருப்பும்தான். தொழிற்சாலையில் சாண்ட்விச்சுக்குள் சலாது இலை வைக்கும் மேசையிலிருந்து தன்னை மாற்றச் சொல்லிக் கேட்டு, பெட்டி மடிக்கும் பக்கம் போய்விட்டார்.

தொண்ணூற்றெட்டு ஏப்ரலில் ராஜி என்ற பெண் ஒரு விண்ணப்ப விஷயமாக என்னிடம் வந்தார். வந்து எட்டு மாதம்தான். வேலை முடிந்து எழும்பும்போது, "அண்ணை, தோர்ண்டன் ஹீத்திலை ஒரு விசர் மனிசி திரியுது," என்று சிரித்தபடி தொடங்கினார். யாரோ காட்டிக்கொடுக்க, ராஜி காட்டு உள்ளி ஆய்ந்துகொண்டு வந்திருக்கிறார். பஸ்ஸில் இருந்த ஒரு வயதான அம்மா மணத்துக்கு எழும்பி வந்து, "எங்கை ஆய்ஞ்சனீ? எந்தப் பக்கம்?" என்று கேட்டிருக்கிறார். ராஜி பதில் சொல்லாமல் இறங்க, அவரும் இறங்கிப் பையைப் பிடித்துக்கொண்டாராம். தரிப்பிடத்தில் இருந்த வாங்குப் பலகையில் பையைக் கவிழ்த்து, ஒவ்வொரு இலையாக எடுத்து, காம்பைத் தடவி, திருப்பி, வெயிலுக்குப் பிடித்து, முக்கால் மணித்தியாலம் பார்த்தாராம். சனம் சுற்றி நின்றது. "எனக்கு வெக்கமாப் போச்சுது, அண்ணை. முடிவிலை, எல்லாம் நல்ல இலை, சமைக்கலாம் பிள்ளை எண்டு கட்டித் தந்தவ."

அவர் யார் என்று நான் சொன்னேன். என்ன நடந்தது என்றும் சொன்னேன். ராஜியின் சிரிப்பு நின்றுபோனது.

அடுத்த கிழமை அக்காவைப் பார்க்கப் போனேன். அறுபது வயதாகப் போகிறது. எழுபதுபோல் இருந்தார். ராஜி வந்ததைச் சொன்னேன்.

அவர் முகத்தில் நான் வருடக்கணக்காகக் காணாத ஒரு துடிப்பு வந்தது. "அந்தப் பிள்ளையோ? கோவமோ என்னிலை? சமைச்சதாமோ?"

"இல்லை அக்கா. அண்டைக்கே வீட்டை போற வழியிலை குப்பைத்தொட்டிக்குள்ளை போட்டிட்டாவாம்."

"ஏன்? நல்ல இலையெல்லே. ஒவ்வொண்டாய்ப் பாத்தனான். ஒண்டுகூடப் பிழையில்லை."

"பயந்திட்டா போலை."

அக்கா எழும்பி ஜன்னலடிக்குப் போனார். கீழே தெருவில் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஓம்," என்றார். "நான் தொட்டுப் பாத்துத் தந்த இலையை ஆர் தின்னுவினம்."

நான் ஏதோ சொல்லப் போனேன். அவர் கையைக் காட்டி மறித்துவிட்டு, தேத்தண்ணிக்குக் கேத்திலைத் தட்டிவிடப் போனார்.